கடலை வீட்டு ஹாலுக்குக் கொண்டுவந்தவர்... பின்னர் அதற்காகவே வருந்தியவர்! யார் இந்த பிலிப் ஹென்றி காஸ்?

வீட்டில் உப்புநீர் மீன் தொட்டி வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். மீனைப் பற்றிப் பேசுவதைவிடத் தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். உப்பு எவ்வளவு, கால்சியம் எவ்வளவு, நைட்ரேட் ஏறிடுச்சா என்று வாரா வாரம் டெஸ்ட் கிட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் கடலைத் தக்கவைப்பது அவ்வளவு லேசான வேலை இல்லை.

பவுடர் பாக்கெட்டும் பம்ப்பும் மின்சாரமும் இல்லாத 1850-களிலேயே இந்த வேலையில் இறங்கி, கடல்நீரைச் சமையல் குறிப்பு போல எழுதிக் கொடுத்தவர் ஒருவர் இருந்தார். அக்வேரியம் என்று இன்று நாம் சொல்லும் சொல்லை இந்தப் பொருளில் பரப்பியவரும் அவர்தான். பெயர், பிலிப் ஹென்றி காஸ். உலகமே அவரைப் பார்த்துத் தொட்டி வாங்கியது. ஆனால் அதனாலேயே அவர் நேசித்த கடற்கரை காலியானது. அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கணக்கு எழுதப் போன பையன்

1810 ஏப்ரல் 6-ல் இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில் பிறந்தார் காஸ். அப்பா ஊர் ஊராகச் சுற்றிச் சின்னச் சின்ன உருவப்படங்கள் வரைந்து பிழைத்தவர். வீட்டில் வசதி கிடையாது. பையன் வளர்ந்தது போல் என்ற துறைமுக ஊரில். கடல் சாமந்தி என்ற உயிரினத்தைச் சின்ன வயதிலேயே அவருக்கு அறிமுகப்படுத்தியது ஓர் அத்தை. அப்பாவிடமிருந்து தூரிகை, அத்தையிடமிருந்து கடல். கடைசிவரை அவரைக் காப்பாற்றியது இந்த இரண்டும்தான்.

17 வயதில், 1827-ல், அட்லாண்டிக் கடலைத் தாண்டி நியூஃபவுண்ட்லாந்துக்குக் கணக்கு எழுதும் வேலைக்குப் போனார். பகலில் பேரேடு, மீதி நேரத்தில் பூச்சி. 1832-ல் நுண்ணோக்கி பற்றிய பழைய புத்தகம் ஒன்றை வாங்கினார். அதிலிருந்து வாழ்க்கையின் திசை மாறியது.

ஆனா உடனே ஜெயித்துவிடவில்லை. 1835-ல் கனடாவில் நிலம் வாங்கி விவசாயம் பார்த்தார், நஷ்டம். 1838-ல் அமெரிக்காவின் அலபாமாவில் பள்ளி ஆசிரியரானார். அங்கே அடிமைகளுக்கு நடந்த கொடுமைகளை நேரில் பார்த்து மனம் வெறுத்து, சில மாதங்களிலேயே கிளம்பிவிட்டார். 1839-ல் இங்கிலாந்து திரும்பியபோது வயது 28, கையில் காசு இல்லை. இருந்தது குறிப்பேடுகளும் ஓவியங்களும் மட்டுமே. அதை வைத்து 1840-ல் கனடா இயற்கை பற்றிய முதல் புத்தகத்தை வெளியிட்டார்.

1844 முதல் 1846 வரை ஜமைக்காவில் பறவைகளைச் சேகரித்து ஆராய்ந்தார். சாமுவேல் காம்ப்பெல் என்ற கறுப்பின இளைஞர் அவருக்கு உதவியாளராக இருந்தார். 1847-ல் ஜமைக்காப் பறவைகள் பற்றிய நூல் வந்தது. 1848-ல் எமிலி போவ்ஸ் என்ற எழுத்தாளரைத் திருமணம் செய்துகொண்டார். 1849-ல் மகன் எட்மண்ட் பிறந்தான். அன்றைய நாட்குறிப்பில் மகன் பிறந்த செய்தியையும், ஜமைக்காவிலிருந்து ஒரு பறவை வந்து சேர்ந்த செய்தியையும் ஒன்றாகவே எழுதி வைத்தாராம். மனுஷன் அப்படி!

உடம்பு கெட்டது... கடல் அழைத்தது

1852-ல் கடும் வேலையால் உடல்நிலை மோசமாக, ஓய்வுக்காகக் குடும்பத்தோடு டெவன் கடற்கரைக்குப் போனார் காஸ். அலை இறங்கிய பிறகு பாறைக் குழிகளில் தேங்கும் தண்ணீரில் ஒரு தனி உலகமே இருப்பதைப் பார்த்தார். கடல் சாமந்தி, நட்சத்திர மீன், இறால், பாசி... ஓய்வு போயே போச்சு.

ஒரு பிரச்னை. இந்த உயிர்களை வாளியில் எடுத்து வந்தால் ஓரிரு நாளில் தண்ணீர் நாறும், எல்லாம் செத்துவிடும். வீட்டில் வைத்து ஆராய வேண்டுமென்றால், முதலில் தண்ணீரை உயிரோடு வைத்திருக்க வேண்டும்.

அப்போது விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருந்தது என்ன?

இதில் காஸ் தனி ஆள் இல்லை. லண்டனில் அன்னா தின் என்ற பெண்மணி 1846-லேயே உயிருள்ள பவளங்களைக் கடற்கரையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்த்தார். காற்று கலக்க வேண்டும் என்பதற்காகத் திறந்த ஜன்னல் பக்கத்தில் நின்று கடல்நீரைத் திரும்பத் திரும்ப ஊற்றி ஆற்றுவார்கள், நம்மூரில் டீ ஆற்றுவது போல. அடுத்த ஆண்டு அவர் கடற்பாசியையும் தொட்டியில் சேர்த்தார். வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் முதலில் நன்னீரிலும் பிறகு கடல்நீரிலும் இதே வழியில் சோதனைகள் செய்தார்.

சிம்பிளா சொன்னால், விலங்குகள் ஆக்சிஜனை எடுத்துக் கரியமில வாயுவை விடும். வெளிச்சம் பட்ட பாசி அதைத் திருப்பிச் செய்யும். இரண்டும் சரியான அளவில் இருந்தால் தண்ணீரை மாற்றாமலேயே தொட்டி ஓடும். இதுதான் அன்றைய சமநிலைக் கொள்கை.

காஸ் இதைத் தன் தொட்டிகளில் செய்து பார்த்தார், ஜெயித்தார். 1853-ல் லண்டன் ரீஜன்ட்ஸ் பூங்கா உயிரியல் பூங்காவில் உலகின் முதல் பொது மீன் காட்சியகம் திறந்தபோது, அதற்குக் கடல் உயிர்களைப் பிடித்து அனுப்பியவர்களில் முக்கியமானவர் அவர்.

கடலே இல்லாமல் கடல்நீர்!

லண்டனில் இருப்பவர் கடல்நீருக்கு எங்கே போவார்? ரயிலில் பீப்பாயில் வரவழைக்க வேண்டும், செலவு அதிகம். அதனால் 1854-ல் காஸ் ஒரு காரியம் செய்தார். கடல்நீரை வேதியியலாளர்கள் பகுத்து வெளியிட்டிருந்த கணக்கை எடுத்துக்கொண்டு, தானே கடல்நீர் கலந்தார்.

அவருடைய அளவு இன்றைய கணக்கில் ஏறத்தாழ இப்படி. நாலரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான தண்ணீர். அதில் சாதாரணச் சமையல் உப்பு 100 கிராம், எப்சம் உப்பு 7 கிராம், மெக்னீசியம் குளோரைடு 13 கிராம், பொட்டாசியம் குளோரைடு இரண்டரை கிராம். அவ்வளவுதான்.

கவனிக்க வேண்டியது அவருடைய பொறுமையை. கலந்த உடனே உயிர்களை விடவில்லை. முதலில் பாசியை மட்டும் வைத்து, தண்ணீர் பதமாகும்வரை காத்திருந்தார். பிறகுதான் விலங்குகள். இன்றும் புதுத் தொட்டி வைப்பவர்களுக்குச் சொல்லப்படும் முதல் பாடம் இதுதான், அவசரப்படாதீங்க.

அவருக்குத் தெரியாமல் போனது எது?

பாசி மட்டுமே தண்ணீரைக் காக்கிறது என்று அந்தத் தலைமுறை நம்பியது. பாறையிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் பாக்டீரியாக்களும் வேலை செய்கின்றன என்பது அப்போது தெரியாது. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா கொடிய நஞ்சு. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை அபாயம் குறைந்த நைட்ரேட்டாக்கும். இது நுண்ணுயிர்களின் வேலை என்று 1877-ல்தான் பிரான்ஸில் நிரூபிக்கப்பட்டது.

இன்னொன்று கால்சியம். கடல்நீரில் அளவு மிகக் குறைவு, சரியாகக் கரையவும் செய்யாது என்று சுண்ணாம்புச் சத்துகளைக் காஸ் தன் கலவையில் சேர்க்கவில்லை. லண்டன் தண்ணீர் கடினநீர் என்பதால் கொஞ்சம் சுண்ணாம்பு தானாக வந்திருக்கும், ஆனால் கடலில் உள்ள அளவுக்கு வராது. கடல் சாமந்திக்கு இது பெரிய குறையில்லை, அதற்கு எலும்புக்கூடு கிடையாது. பவளத்துக்கு அப்படி இல்லை. அது வீடு கட்டுவதே கால்சியம் கார்பனேட்டில்தான்.

அதனால்தான் இன்றைய பவளத் தொட்டியில் ஒரு லிட்டருக்கு உப்புத்தன்மை 35 கிராம், கால்சியம் 400 மில்லிகிராமுக்கு மேல், மெக்னீசியம் சுமார் 1,300 மில்லிகிராம் என்று பார்த்துப் பார்த்து வைக்கிறார்கள். காரத்தன்மையும் கூடவே சரியாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் அதிகமாகக் கொட்டினால் கால்சியம் வெள்ளைத் தூளாகப் படிந்துவிடும். மெக்னீசியம் அதைத் தடுத்து நிறுத்தும் காவலாளி. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கும். அதனால் குறைந்த அளவை நல்ல தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும்.

ஊரெல்லாம் தொட்டி

1854-ல் வந்த காஸின் அக்வேரியம் புத்தகம் பெரிய ஹிட். அவரே வரைந்த வண்ணப் படங்கள் மக்களைச் சுண்டி இழுத்தன. கண்ணாடி மீதான வரி 1845-லேயே நீக்கப்பட்டதால் தொட்டி விலையும் குறைந்திருந்தது. ரயில் கடற்கரை வரை போனது. நடுத்தர வர்க்க வீடுகளின் வரவேற்பறைகளில் தொட்டிகள் முளைத்தன. 1856-ல் ராயல் சொசைட்டி காஸை உறுப்பினராக்கியது. பட்டப்படிப்பு இல்லாத ஒரு முன்னாள் குமாஸ்தாவுக்கு அது சாதாரண மரியாதை அல்ல.

உச்சியில் விழுந்த அடி

1857 பிப்ரவரியில் மனைவி எமிலி மார்பகப் புற்றுநோயால் இறந்தார். எட்மண்டுக்கு அப்போது 7 வயது. அதே ஆண்டு காஸ் வெளியிட்ட ஒம்ஃபலாஸ் என்ற நூல், பூமி படைக்கப்படும்போதே பழமையின் அடையாளங்களோடு படைக்கப்பட்டது என்று வாதிட்டது. நம்பிக்கையையும் புவியியலையும் சேர்த்துவைக்க நினைத்தார், இரண்டு பக்கமும் ஏற்கவில்லை. புத்தகம் படுதோல்வி.

மகனை அழைத்துக்கொண்டு டெவனில் செயின்ட் மேரிசர்ச்சில் குடியேறினார். துக்கத்தை வேலையில் கரைத்தார். இடுப்பளவு தண்ணீரில் நின்று பாறைக் குழிகளைத் தேடினார். பிரிட்டனின் கடல் சாமந்திகளையும் பவளங்களையும் பற்றிய அவருடைய முக்கிய நூல் 1858 முதல் 1860 வரை பகுதி பகுதியாக வந்தது. 1860-ல் எலிசா பிரைட்வென் என்பவரை மறுமணம் செய்துகொண்டார்.

காலியான பாறைக் குழிகள்

காஸின் புத்தகத்தைப் படித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. சுத்தியும் உளியும் ஜாடியுமாகக் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். தொட்டியில் செத்துப்போன உயிருக்குப் பதில் இன்னொன்றைப் பிடித்தார்கள். பல காலமாக யாரும் தொடாத பாறைக் குழிகள் சில ஆண்டுகளில் வெறுமையாயின. தண்ணீரைப் பராமரிக்கத் தெரியாதவர்களின் தொட்டிகள் நாறி, 1860-களில் மோகமும் வடிந்தது. கடற்கரை மட்டும் பழையபடி ஆகவில்லை.

எட்மண்ட் பின்னாளில் பெரிய எழுத்தாளரானார். 1907-ல் தந்தையைப் பற்றி எழுதிய நூலில் இந்த அழிவைப் பதிவு செய்திருக்கிறார். தன் புத்தகங்களே இதற்குக் காரணமாகிவிட்டன என்பது தந்தைக்கும் புரிந்திருந்தது, அது அவரை வாட்டியது என்கிறார்.

கடைசிக் காலத்தில் காஸ் ஆர்க்கிட் செடி வளர்த்தார், நுண்ணோக்கியில் தெரியும் ரோட்டிஃபர் உயிர்களைப் பற்றி ஹட்சன் என்பவரோடு சேர்ந்து பெரிய நூல் எழுதினார், வானத்தையும் பார்த்தார். குளிர்கால இரவில் தொலைநோக்கியோடு நின்றதில் மார்ச்சளி பிடித்தது என்பார்கள். 1888 ஆகஸ்ட் 23-ல், 78 வயதில் காலமானார்.

இந்தக் கதை நமக்கு ஏன் முக்கியம்?

பவளத் தொட்டி வீடியோக்கள் இன்று மொபைலில் குவிகின்றன. பார்க்க அழகுதான். ஆனால் இந்தியாவில் கடற்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது புலிக்கு இணையான பாதுகாப்பில் உள்ளன. மன்னார் வளைகுடாவில் இருந்து ஒரு துண்டை உடைத்து எடுத்தாலும் குற்றம்தான்.

கடலைக் கண்ணாடிக்குள் காட்டினால் மக்கள் அதை நேசிப்பார்கள் என்று காஸ் நினைத்தார். நேசித்தார்கள், உண்மைதான். ஆனால் தொட்டியில் செத்த ஒவ்வொரு உயிருக்கும் கடலில் இன்னொன்று குறைந்தது. உப்பையும் தண்ணீரையும் வீட்டிலேயே கலந்துவிடலாம். பாறைக் குழியை அப்படிக் கலக்க முடியாது.