திரும்பிப் போன போதகர்

1939-ம் ஆண்டு ஜூலை மாதம். எப்போது யுத்தம் மூளுமோ என்று ஐரோப்பா நடுங்கிக்கொண்டிருந்த நேரம். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து எப்படித் தப்புவது என்று ஆயிரக்கணக்கானவர்கள் வழி தேடினார்கள். அந்த நேரத்தில் 33 வயதுள்ள ஒரு ஜெர்மானியர், பத்திரமான அமெரிக்காவை விட்டு ஜெர்மனிக்கே கப்பல் ஏறினார். அவர் அமெரிக்காவுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை!

அவர் பெயர் டீட்ரிக் போன்ஹோபர். கிறிஸ்தவ போதகர்.

ஏன் திரும்பினார்?

போன்ஹோபர் 1906-ம் ஆண்டு பிப்ரவரி 4-ந் தேதி பிரெஸ்லா நகரில் பிறந்தார். அந்த ஊர் இப்போது போலந்து நாட்டில் இருக்கிறது. தகப்பனார் பெயர்பெற்ற மனநோய் டாக்டர். வீட்டில் எட்டுப் பிள்ளைகள். டீட்ரிக்கும் தங்கை சபீனாவும் இரட்டையர்கள். முதல் உலக யுத்தத்தில் அண்ணன் வால்ட்டர் காயம்பட்டு இறந்தார். தாயார் நெடுநாள் அந்தத் துக்கத்திலிருந்து மீளவில்லை. நாட்டுக்காகப் பிள்ளையைப் பறிகொடுத்த வீடு அது.

பெரிய படிப்பாளி. 21 வயதிலேயே டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார். 1930-ல் மேல்படிப்புக்காக நியூயார்க் போனார். அங்கே அவர் மனத்தைத் தொட்டது கல்லூரி அல்ல, ஹார்லெம் பகுதியில் இருந்த நீக்ரோ மக்களின் கோவில். ஞாயிறுதோறும் அங்கே போய்ச் சிறுவர்களுக்கு வேதபாடம் சொல்லிக்கொடுத்தார். தோலின் நிறத்துக்காக மனிதனை ஒதுக்கிவைக்கும் கொடுமையைக் கண்ணால் கண்டார். ஊர் திரும்பும்போது அந்த மக்களின் பக்திப் பாடல் இசைத்தட்டுகளை வாங்கிப் போனார்.

1933 ஜனவரி 30-ந் தேதி ஹிட்லர் பதவிக்கு வந்தார். இரண்டே நாளில் போன்ஹோபர் ரேடியோவில் பேசினார். தன்னைத் தெய்வமாக்கிக்கொள்ளும் தலைவன் ஜனங்களைக் கெடுத்துவிடுவான் என்பது பேச்சின் சாரம். பேச்சு முடியும் முன்பே ஒலிபரப்பு நின்றுவிட்டது.

யூத ரத்தம் உள்ள போதகர்களைச் சபையிலிருந்து நீக்க வேண்டும் என்றார்கள் நாஜிகள். சபைத் தலைவர்கள் பலர் தலையாட்டினார்கள். போன்ஹோபர் எதிர்த்தார். எதிர்த்து நின்றவர்கள் தனிச் சபையாகத் திரண்டார்கள். இந்தியாவுக்கு வந்து காந்திஜியுடன் தங்கியிருக்க அவருக்கு ஆசை. காந்திஜியும் 1934-ல் வரச்சொல்லிக் கடிதம் எழுதினார். ஆனால் வாலிபப் போதகர்களைப் பயிற்றுவிக்கும் வேலை அழைத்தது. இந்தியப் பயணம் நின்றுபோனது. பின்கன்வால்டே என்ற ஊரில் பள்ளி நடத்தினார். மாணவர்களுக்கு அந்த ஹார்லெம் இசைத்தட்டுகளைப் போட்டுக் காட்டுவாராம்! 1937-ல் ரகசியப் போலீசார் பள்ளியைப் பூட்டினார்கள்.

மலிவுச் சரக்கு அல்ல

அதே ஆண்டில் அவர் எழுதிய புத்தகம் ஒன்று வெளிவந்தது. கடவுளின் கிருபையைப் பற்றியது. கிருபை காசுக்குக் கிடைப்பதல்ல, இனாம்தான். அதற்காக அது சல்லிசான சரக்காகிவிடுமா? கடவுள் தம் மகனின் உயிரையே அதற்கு விலையாகக் கொடுத்தார். மனம் திருந்தாமல், யாருக்காகவும் நோகாமல், மன்னிப்பை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவன் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறான். இதுதான் அவர் வாதம். கோவிலுக்கு ஒழுங்காகப் போய்க்கொண்டே, பக்கத்து வீட்டு யூதனை இழுத்துச் செல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது சுருக்கென்று தைத்திருக்கும்.

சபீனாவின் கணவர் யூத வம்சத்தவர். 1938-ல் அவர்கள் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குத் தப்பினார்கள். அடுத்த ஆண்டு, பட்டாளத்தில் சேரும்படி போன்ஹோபருக்கு உத்தரவு வரக்கூடிய நிலை. நண்பர்கள் அவரை அமெரிக்காவுக்கு வரவழைத்தார்கள். வேலை, வீடு எல்லாம் தயார்.

ஆனால் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தெருத்தெருவாக நடந்தார். கடைசியில், தம்மை வரவழைத்த பேராசிரியர் நீபருக்குக் கடிதம் எழுதினார். கஷ்ட காலத்தில் தம் ஜனங்களோடு இல்லாதவனுக்கு, யுத்தத்துக்குப் பிறகு நாட்டைத் திருத்திக் கட்டுவதில் பங்கு கேட்க உரிமை இல்லை என்றார். தம் நாடு ஜெயிப்பதைவிடத் தோற்பதே நல்லது என்றும் அதில் சொன்னார். நாட்டை நேசிப்பவன் சொல்லும் பேச்சா இது என்று சிலர் கேட்கலாம். நாட்டை வெறுத்தவராக இருந்தால் அமெரிக்காவிலேயே இருந்திருப்பாரே!

திரும்பியபின் அவர் செய்த காரியம் இன்னும் துணிச்சலானது. அக்காள் கணவர் டோனானி ராணுவ உளவு இலாகாவில் இருந்துகொண்டே ஹிட்லரைக் கவிழ்க்கச் சதி செய்துவந்தார். போன்ஹோபரும் அதில் சேர்ந்தார். வெளியே உளவாளி வேஷம், உள்ளே சதி. அந்த இலாகாவின் மூலம் 1942-ல் 14 பேரை சுவிட்ஜர்லாந்துக்குத் தப்பவைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் யூதர்கள்.

போதகர் பொய் சொல்லலாமா? கொலைத் திட்டத்தில் சேரலாமா? இதை அவர் லேசாக எண்ணவில்லை. நியாயம் என்று பூசி மெழுகவும் இல்லை. குற்றம் குற்றமே, அதைத் தலையில் ஏற்றுக்கொண்டு கடவுளின் கிருபையை நம்பி நிற்க வேண்டியதுதான் என்பது அவர் முடிவு. இதை ஒப்பாதவர்கள் கிறிஸ்தவர்களிலேயே உண்டு.

கைவிட்ட வழி

1943 ஜனவரியில் மரியா என்ற பெண்ணுடன் அவருக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஏப்ரல் 5-ந் தேதி கைதானார். பெர்லின் டேகல் சிறையில் ஒன்றரை ஆண்டு இருந்தார். காவலாளி ஒருவரே அவருடன் தப்பி ஓடச் சம்மதித்தார். வேஷம் மாறத் தொழிலாளி உடுப்பும் வந்துவிட்டது. அந்தச் சமயம் அண்ணன் கிளாவுஸ் கைதான செய்தி வந்தது. தாம் ஓடினால் குடும்பத்தைப் பிடித்து வதைப்பார்கள். போன்ஹோபர் தப்பும் எண்ணத்தைக் கைவிட்டார்.

1945 ஏப்ரல் 9-ந் தேதி விடியற்காலையில் பிளாசன்பூர்க் முகாமில் அவரைத் தூக்கிலிட்டார்கள். வயது 39. இரண்டு வாரத்தில் அமெரிக்கப் படை அங்கே வந்து சேர்ந்தது. அண்ணன் கிளாவுஸ், டோனானி, இன்னொரு அக்காள் கணவர் ஆகியோரும் அதே மாதம் கொல்லப்பட்டார்கள்.

வயதான தாய் தகப்பனுக்கு டீட்ரிக்கின் முடிவு தெரியவில்லை. பெர்லினில் காத்திருந்தார்கள். ஜூலை 27-ந் தேதி ரேடியோவைத் திருப்பினார்கள். லண்டன் கோவில் ஒன்றில் நடந்த ஆராதனை ஒலிபரப்பாகிக்கொண்டிருந்தது. இறந்துபோன ஒருவருக்காக நடந்த ஆராதனை அது. பிறகுதான் பெயர் காதில் விழுந்தது. அவர்கள் மகனின் பெயர்.