பாஸ்டரின் தராசு

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

நன்மை எது, தீமை எது என்று தெளிவாகத் தெரியும்போது முடிவெடுப்பது கடினமன்று. செய்தாலும் பழி, செய்யாவிட்டாலும் பழி என்னும் நிலை வரும்போதுதான் அறிவுடையோரும் திகைத்து நிற்கின்றனர். பிரெஞ்சு அறிவியல் மேதை லூயி பாஸ்டரின் வாழ்வில் அத்தகைய நாள் 1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் வந்தது. நம் பாடநூலில் அச்செய்தி இரண்டு வரிகளில் முடிந்துவிடுகிறது. நூலகத்தில் தேடிப் படித்தபோது, அந்த இரண்டு வரிகளுக்குள் எத்தனை போராட்டம் இருந்தது என்று அறிந்தேன். அதையே இங்கு எழுதுகிறேன்.

இளமையும் உழைப்பும்

பாஸ்டர் 1822ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் பிரான்சு நாட்டின் டோல் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை தோல் பதனிடும் தொழிலாளி. ஆர்புவா என்னும் சிற்றூரில் வளர்ந்தார். அவருக்கு 8 வயதாயிருந்தபோது, 1831இல், வெறிபிடித்த ஓநாய் ஒன்று அவ்வட்டாரத்தில் பலரைக் கடித்தது. கடிபட்டவர்களின் புண்ணைக் கொல்லன் பட்டறையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டனர். அக்காட்சி அவர் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

வேதியியல் பயின்ற அவர், நொதித்தலுக்கு நுண்ணுயிர்களே காரணம் என்று நிலைநாட்டினார். பட்டுப்புழு நோயை ஆராய்ந்தார். 1859க்கும் 1866க்கும் இடையில் தம் மூன்று பெண் குழந்தைகளைச் சாவுக்குப் பறிகொடுத்தார். 1868இல் பக்கவாதம் அவருடைய இடப்பக்கத்தைத் தாக்கியது. ஆயினும் ஆய்வை விடவில்லை. 1881இல் அடைப்பான் நோய்க்கான தடுப்பூசியைக் கால்நடைகளுக்குப் போட்டு ஊரறிய வெற்றி கண்டார். அதன் பின்னரே வெறிநாய்க்கடி ஆய்வில் முழு மூச்சாய் இறங்கினார்.

நோய்க்கிருமியை நுண்ணோக்கியில் காண முடியாத காலம் அது. நோய் ஏற்றப்பட்டு இறந்த முயலின் தண்டுவடத்தைக் குடுவையில் தொங்கவிட்டு உலர வைத்தார்கள். நாள் ஆக ஆக அதன் வீரியம் குறைந்தது. ஏறத்தாழ இரண்டு வாரம் உலர்ந்தது நோயை உண்டாக்கவில்லை. அதில் தொடங்கி, நாளுக்கு நாள் வீரியம் மிக்கதைச் செலுத்திச் சென்றால் உடல் நோயை எதிர்க்கப் பழகும் என்பது பாஸ்டரின் எண்ணம்.

வாசலில் வந்து நின்ற தாய்

அல்சாஸ் பகுதியிலிருந்து ஒரு தாய் தன் 9 வயது மகன் ஜோசப் மெய்ஸ்டரை அழைத்துக்கொண்டு பாஸ்டரிடம் வந்தாள். இரண்டு நாள் முன்பு ஒரு நாய் அவனை 14 இடங்களில் கடித்திருந்தது.

ஒரு தட்டில் அச்சிறுவனின் உயிர் இருந்தது. வெறிநாய்க்கடி நோய் வெளிப்பட்டுவிட்டால் பிழைப்பது இல்லை. மறு தட்டில் இருந்தவையும் இலேசானவை அல்ல. பாஸ்டர் மருத்துவர் அல்லர். ஊசி போட அவருக்கு உரிமை இல்லை. கடித்த நாய் வெறிநாய் என்பதற்குக்கூட, அதன் வயிற்றில் வைக்கோலும் மரத்துணுக்கும் கிடந்ததே சான்று. கடிபட்ட அனைவருக்கும் நோய் வருவதில்லை. ஒருவேளை சிறுவன் தானாகவே தப்பியிருந்தால், வீரியம் மிக்க கடைசி ஊசிகளே அவனைக் கொல்லவும் கூடும் அன்றோ?

கருத்து மாறுபட்டது

பாஸ்டர் தம் விருப்பப்படி உடனே ஊசியை எடுக்கவில்லை. வல்பியான், கிராஞ்சே என்னும் இரு மருத்துவர்களை வரவழைத்துச் சிறுவனைக் காட்டினார். கடிகளின் எண்ணிக்கையையும் ஆழத்தையும் கண்ட அவர்கள், சாவு ஏறக்குறைய உறுதி என்றும் ஊசி போடுவதே முறை என்றும் கூறினர்.

ஆனால் பாஸ்டருடன் பல ஆண்டுகள் உழைத்த எமில் ரூ இதற்கு உடன்படவில்லை. அவர் மருத்துவம் படித்தவர். தண்டுவடத்தை உலர்த்தும் முறையை உருவாக்கியதில் அவருக்கும் பங்கு உண்டு. அவரே இம்முறை மனிதருக்குப் போடும் அளவுக்குச் சோதிக்கப்படவில்லை என்று கருதி ஒதுங்கி நின்றார். முறையை நன்கு அறிந்தவரே வேண்டாம் என்றால், அது அற்பமான எதிர்ப்பா?

பாஸ்டர் துணிந்தார். அன்று மாலை கிராஞ்சே சிறுவனின் வயிற்றுத் தோலின் அடியில் முதல் ஊசியைப் போட்டார். 11 நாட்களில் 13 ஊசிகள். வீரியம் ஏற ஏறப் பாஸ்டருக்கு உறக்கம் குறைந்தது. சிறுவன் பிழைத்தான். வளர்ந்த பின் பாஸ்டர் நிலையத்திலேயே காவலாளாகப் பணிபுரிந்தான்.

இரண்டாவது சோதனை

நவம்பர் மாதம் லூயிஸ் பெல்லெத்தியே என்னும் 10 வயதுச் சிறுமியைக் கொண்டுவந்தனர். தலையில் கடிபட்டு 37 நாட்கள் ஆகிவிட்டன. காலம் கடந்துவிட்டதைப் பாஸ்டர் அறிவார். அவள் இறந்தால் ஊசியே கொன்றது என்பார்கள், மக்கள் அஞ்சுவார்கள், பிழைக்கக் கூடியவர்களும் வராமல் இறப்பார்கள். மறுப்பதற்கு நியாயம் இருந்தது. எனினும் பெற்றோரின் கண்ணீருக்கு முன் அவர் மறுக்கவில்லை. டிசம்பர் 3ஆம் நாள் அச்சிறுமி இறந்தாள். பாஸ்டர் அவள் படுக்கையருகே இருந்தார். என் மனத்தில் அவர் மிக உயர்ந்து நிற்பது இந்த இடத்தில்தான். மெய்ஸ்டரை ஏற்றதில் வெற்றிக்கு வாய்ப்பு இருந்தது. இங்கே பழிக்கு மட்டுமே வாய்ப்பு இருந்தது.

மறு பக்கம்

புகழ்வது மட்டும் வரலாறு ஆகாது. பாஸ்டரின் ஆய்வுக் குறிப்பேடுகள் அவர் குடும்பத்தாரிடமே நெடுங்காலம் இருந்தன. அவற்றை ஆராய்ந்து ஜெரால்ட் கைசன் 1995இல் ஒரு நூல் வெளியிட்டார். 50 நாய்களைக் காப்பாற்றியதாகப் பாஸ்டர் அறிவித்திருந்தார். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அவர் கையாண்டவை வேறு முறைகள் என்றும், மெய்ஸ்டருக்குப் போட்ட அதே முறை நாய்களில் அப்போதுதான் தொடங்கி முடிவு தெரியாதிருந்தது என்றும் அந்நூல் காட்டியது. கைசனுக்கு மறுப்பும் எழுந்தது. என் கருத்தைக் கேட்டால், ஊசி போட்டதை நான் குறை கூற மாட்டேன். கையில் இருந்த சான்றைக் காட்டிலும் கூடுதலாகச் சொன்னதைக் குறை கூறுவேன். ரூவின் ஐயத்தையும் அவர் உலகறியச் செய்திருக்க வேண்டும்.

ஆயினும் பாஸ்டர் ரூவைப் பகைக்கவில்லை; ரூவும் அவரைவிட்டுப் பிரியவில்லை. 1888இல் பாரிசில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டபோது ரூ உடனிருந்தார். 1895இல் பாஸ்டர் மறைந்தார். 1904 முதல் 1933 வரை அந்நிலையத்தை நடத்திச் சென்றவர் அந்த ரூ அவர்களே!

நமக்கு எட்டிய பயன்

1907இல் நம் குன்னூரிலும் பாஸ்டர் நிலையம் தோன்றியது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் அச்சத்தோடு சொல்வார்கள். ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்த மருந்து இப்போது இல்லை. உயிரணு வளர்ப்பில் செய்த ஊசி கையில் போடப்படுகிறது. ரூவைப் போல ஐயப்பட்டவர்கள் இருந்ததாலேயே மருந்து திருந்திக்கொண்டே வந்தது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். என்னைப் படிக்க வைக்கலாமா என்ற பேச்சு எழுந்தபோது வேண்டாம் என்றவர் என் பெரியப்பா. கடன் சுமை அவருக்குத்தான் தெரியும். என் தந்தை அவர் சொன்னதை முழுதும் கேட்டார். கேட்ட பிறகே என்னைச் சேர்த்தார். கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் தந்தவரும் பெரியப்பாவே.

எதிர்க்கருத்தைக் கேட்பது என்பது அதற்கு அடிபணிவது அன்று. அதில் உள்ள உண்மையைத் தராசில் வைத்துப் பார்ப்பதாகும். அதன் பின் முடிவெடுத்து, விளைவைத் தானே சுமக்க வேண்டும். நாளை மருத்துவமனையிலும் ஆய்வுக்கூடத்திலும் அலுவலகத்திலும் அமரப்போகும் நாம், பாஸ்டரின் துணிவோடு ரூவின் தயக்கத்தையும் சேர்த்தே கற்றுக்கொள்வோமாக!