குடல் நுண்ணுயிரிகளும் புளித்த பாலும்: இலியா மெச்னிகோவின் வாழ்க்கை தரும் தெளிவு

புரோபயாட்டிக் எனப்படும் நன்மை தரும் நுண்ணுயிரிகளை மாத்திரையாகவோ பானமாகவோ உட்கொள்ளலாமா என்னும் ஐயம் உங்களுக்கோ நீங்கள் பராமரிக்கும் நோயாளிக்கோ எழுந்திருக்கலாம். இச்சிந்தனைக்கு வித்திட்டவர்களுள் முதன்மையானவர் இலியா மெச்னிகோவ். அவர் எதைச் சரியாகக் கணித்தார், எதில் தவறினார் என்பதை அறிந்துகொள்வது நீங்கள் முடிவெடுக்க உதவும்.

இளமையும் இழப்பும்

மெச்னிகோவ் 1845ஆம் ஆண்டு, அன்றைய ரஷ்யப் பேரரசில் கார்கிவ் நகருக்கு அருகிலுள்ள சிற்றூரில் பிறந்தார். அப்பகுதி இன்று உக்ரைன் நாட்டில் உள்ளது. நான்காண்டுப் பட்டப்படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்து, ஒடெசா பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியரானார். 1873இல் அவருடைய முதல் மனைவி லுத்மிலா காசநோயால் இறந்தார். 1880இல் இரண்டாம் மனைவி ஓல்கா டைபாய்டு காய்ச்சலால் கடுமையாகப் பாதிக்கப்பட்டுப் பின்னர் உயிர் பிழைத்தார். நோயாளியின் அருகில் காத்திருப்போரின் வேதனையை உங்களைப் போலவே அவரும் அறிந்திருந்தார்.

நோபல் பரிசு பெற்ற கண்டுபிடிப்பு

1882இல் இத்தாலியின் மெசினா நகரில் தங்கியிருந்தபோது, நட்சத்திர மீனின் ஒளி ஊடுருவும் இளவுயிரிகளில் சிறு முட்களைச் செருகினார். மறுநாள் காலையில் நகரும் செல்கள் முட்களைச் சூழ்ந்திருக்கக் கண்டார். உடலுக்குள் நுழையும் கிருமிகளைச் சில செல்கள் விழுங்கி அழிக்கின்றன என்னும் அவருடைய கோட்பாடு இதிலிருந்தே வளர்ந்தது. 1888இல் பாரிஸ் நகரின் பாஸ்டர் நிறுவனத்தில் சேர்ந்தார். நோய் எதிர்ப்பாற்றல் பற்றிய ஆய்வுக்காக 1908இல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

புளித்த பாலின் மீது வைத்த நம்பிக்கை

பிற்காலத்தில் மெச்னிகோவ் முதுமையைப் பற்றி ஆராய்ந்தார். பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் நச்சுப்பொருள்களை உண்டாக்கி உடலை முதுமையடையச் செய்கின்றன என்று கருதினார். பல்கேரிய நாட்டுப்புற மக்களின் நீண்ட ஆயுளுக்கு அவர்கள் அருந்தும் புளித்த பாலே காரணமாகலாம் என்றும் எண்ணினார். அத்தகைய பாலிலுள்ள லாக்டிக் அமில பாக்டீரியாவை 1905இல் ஸ்தாமென் கிரிகோரோவ் என்னும் பல்கேரிய மருத்துவ மாணவர் கண்டறிந்தார். மெச்னிகோவ் தாமும் நாள்தோறும் புளித்த பாலை அருந்தினார். அவருடைய கருத்து பரவியதும் இந்த பாக்டீரியா அடங்கிய மாத்திரைகள் விற்பனைக்கு வந்தன. குடல் நச்சு பற்றிய அச்சம் நிலவிய அக்காலத்தில், லண்டன் அறுவை மருத்துவர் ஆர்பத்நாட் லேன் மலச்சிக்கலுக்காகப் பெருங்குடலையே அகற்றினார். பின்னர் மருத்துவ உலகம் அச்சிகிச்சையைக் கைவிட்டது.

மெச்னிகோவ் 1916இல், 71ஆம் வயதில், இதயநோயால் பாரிஸில் காலமானார்.

இன்றைய அறிவியல் கூறுவது

உணவின் வழியாகக் குடல் நுண்ணுயிரிகளில் மாற்றம் உண்டாக்கலாம் என்று அவர் கருதியது சரியே. பெருங்குடல் நுண்ணுயிரிகளைப் பகையாகக் கருதியது தவறு. அவை நார்ச்சத்தை நொதிக்கச் செய்து குடற்சுவர் செல்களுக்கு ஊட்டம் அளிக்கின்றன. வைட்டமின் கே போன்றவற்றை உருவாக்குகின்றன. நோய்க்கிருமிகள் பெருகுவதைத் தடுக்கவும் உதவுகின்றன. அவர் போற்றிய பல்கேரிய பாக்டீரியா மனிதக் குடலில் நிலையாகத் தங்குவதில்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

• தயிரும் மோரும் நல்ல உணவுகள். ஆனால் அவை மருத்துவர் அளித்த மருந்துக்கு மாற்றாகா.
• கீரை, காய்கறி, பழம், பயறு, முழுதானியம் ஆகியவற்றை உண்ணுங்கள். இவற்றின் நார்ச்சத்தே குடல் நுண்ணுயிரிகளின் உணவு.
• புரோபயாட்டிக்கின் பயன் அதிலுள்ள நுண்ணுயிரி வகையையும் நோயையும் பொறுத்தது. ஆன்டிபயாட்டிக் மருந்தால் ஏற்படும் வயிற்றுப்போக்கைத் தடுக்கச் சில வகைகள் உதவுகின்றன.
• ஆன்டிபயாட்டிக் மருந்துகளை மருத்துவர் பரிந்துரையின்றி உட்கொள்ளாதீர்கள்.
• புற்றுநோய் சிகிச்சை பெறுவோர், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோர், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோர், குறைமாதக் குழந்தைகள் ஆகியோருக்கு மருத்துவரைக் கேளாமல் புரோபயாட்டிக் கொடுக்கக் கூடாது. அரிதாக, அந்த நுண்ணுயிரிகளே கடுமையான தொற்றை உண்டாக்கலாம்.
• வயிற்றுப்போக்கின்போது உப்பு சர்க்கரைக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.) கொடுப்பதே முதற்கடமை. மலத்தில் இரத்தம், காரணமற்ற எடைக்குறைவு, நீடித்த வயிற்றுவலி ஆகியவை இருந்தால் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அறிஞர் ஒருவர் விரும்பி உண்டார் என்பது ஒரு பொருள் மருந்தாவதற்குப் போதிய சான்று அன்று. விளம்பரத்தைக் கண்டு வாங்குவதற்கு முன் இதை நினைவில் கொள்ளுங்கள்.