கர்னல் மெக்கன்ஸி துரையின் சரித்திரமும் நம் வமிச வரலாறும்

நெமிலியையும் அதனைச் சார்ந்த கிராமங்களையும் பூர்விகமாக உடைய நம்மவருள், ஜீவனத்தின் பொருட்டு வேலூர், ஆம்பூர்த் தோல் மண்டிகளுக்கும், சென்னைக்கும், கடல் கடந்த தேசங்களுக்கும் பிரிந்து சென்றோர் பலர். அவர்கள் பங்காளிகளுக்கும் சம்பந்திகளுக்கும் எழுதிய பழங்கடிதங்கள் பரண்மேல் செல்லரித்துக் கிடப்பதைக் காணுந்தோறும் கர்னல் காலின் மெக்கன்ஸி துரையின் சரித்திரம் நினைவுக்கு வருகின்றது.

இவர் ஸ்காட்லாந்தைச் சார்ந்த லூயிஸ் தீவில் 1754-ஆம் ஆண்டு பிறந்தவர். லாகரிதம் என்னும் கணக்கு முறையை 1614-ல் வெளியிட்ட ஜான் நேப்பியரின் வமிசத்துப் பிரபு ஒருவர், அம்முன்னோரின் சரித்திரத்தை எழுத விரும்பி, இந்துக்களின் கணித சாஸ்திரம் பற்றிய செய்திகளைத் தேடும் வேலையில் இவரை அமர்த்தினார். பிரபு 1773-ல் காலமானார். மெக்கன்ஸி 1783-ல் கும்பினியார் சேவையில் சென்னை வந்து சேர்ந்தார். பிரபுவின் குமாரத்தியாராகிய ஹெஸ்டர் அம்மையார் அப்போது கணவருடன் மதுரையில் வசித்தார். தந்தையார் குறையாக விட்ட வேலையை நிறைவேற்றக் கருதி, அவர் மெக்கன்ஸியை அங்கு வரவழைத்துப் பண்டிதர்களோடு பழகச் செய்தார். பிறர் குடும்பத்து முன்னோரைத் தேடப் புகுந்தவருக்கு நம் நாட்டுச் சரித்திரத்தின்மேல் வேட்கை உண்டானது அவ்விடத்தேதான்.

துரைக்கு நம் பாஷைகளில் பயிற்சி இல்லை. ஏலூரைச் சார்ந்த காவலி வேங்கட போரய்யா என்னும் இளைஞரே அவருக்குக் கண்ணாக விளங்கினார். அவர் 1803-ல் இளமையிலேயே மறைய, தம்பி இலட்சுமய்யா அப்பணியை ஏற்றார். இவர்களின் கீழிருந்தோர் ஊர் ஊராகச் சென்று வமிசாவளிகளையும் கைபீதுகளையும் சாசனப் பிரதிகளையும் திரட்டி, கண்டவற்றைக் கடித வாயிலாக அறிவித்து வந்தனர்.

மெக்கன்ஸி 1815-ல் இந்தியா முழுமைக்கும் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனார். 1821-ல் கல்கத்தாவுக்கருகே காலமானார். திரட்டியவற்றைக் கொண்டு நூல் இயற்ற அவருக்கு ஆயுள் போதவில்லை. அவர் ஈட்டிய 1,568 சுவடிகளையும், 8,076 சாசனப் பிரதிகளையும், ஏனைய பொருள்களையும் கும்பினியார் ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கினர். அப்பணியைத் தாம் தொடர இலட்சுமய்யா விரும்பியும், இந்தியர் என்னும் காரணத்தால் அது அவரிடம் ஒப்புவிக்கப்படவில்லை. இடங்கை வலங்கையார் வரலாறும், தொண்டைமண்டலக் குரும்பர் கோட்டைகளின் செய்தியும் அத்தொகுதியால் நமக்குக் கிடைத்தவை. தமிழ்ச் சுவடிகள் இன்றும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் உள.

இத்துணைக் குடும்பங்களின் வரலாற்றைத் திரட்டியவரின் இளமைச் சரித்திரம் நமக்குத் தெரியவருவது பெரும்பாலும் ஒரு கடிதத்தால்தான். இலங்கையில் பிரதம நீதிபதியாய் இருந்த அலெக்ஸாண்டர் ஜான்ஸ்டனுக்கு 1817-ல் அவர் எழுதியது அது. ஜான்ஸ்டன், அவரை மதுரைக்கு அழைத்த ஹெஸ்டர் அம்மையாரின் குமாரரே. அக்கடிதத்தைக் குப்பையில் எறிந்திருப்பின் நாம் அறிவது யாது?

வமிசாவளிகளில் புகழ்ச்சி மிகுதல் இயல்பு. ஆகையால் அவற்றைச் சாசனத்தோடு ஒப்பிட வேண்டும். ஆனால் சீமந்தம், கடன், நோய், நிலப்பாகம் ஆகியவற்றைப் பற்றி உறவினர்க்கு எழுதிய கடிதமோ பிற்காலத்தார் மெச்சுவதற்காக எழுதப்பட்டதன்று. ஆதலின் அது பெரிதும் நம்பத்தக்கது.

அன்பர்களே! இப்பணிக்கு இனியொரு துரை வரப்போவதில்லை. அக்கையெழுத்தைப் படிக்கவும், அதிற்கண்ட அத்தை யார், மாமன் யார் என்று கூறவும் வல்ல முதியோர் நம் இல்லங்களில் ஒருவர் இருவரே எஞ்சியுள்ளனர். அவர்கள் இருக்கும்போதே கடிதங்களை ஆண்டு வரிசையில் அடுக்கி, பெயரும் உறவும் ஊரும் குறித்து, தூரத்து உறவினர்க்கும் எழுதிக் கேட்டுப் பிரதி செய்து வைப்பது நம் ஒவ்வொருவருடைய கடமையாகும்.