ஐயம் தீர்த்த அறிவியல் மேதை கே. எஸ். கிருஷ்ணன்

இயற்பியல் என்றதும் நம்மில் பலருக்கு ஓர் அச்சம் தோன்றுகிறது. சூத்திரங்களை மனப்பாடம் செய்கிறோம். தேர்வில் அவற்றைப் பிழையின்றி எழுதியும் விடுகிறோம். ஆனால் கணக்கில் ஓர் எண்ணை மாற்றிக் கொடுத்துவிட்டாலோ, நானோமீட்டரை மீட்டராக மாற்ற வேண்டி வந்தாலோ நம் கை நின்றுவிடுகிறது. புரியவில்லை என்று எழுந்து கேட்கவும் கூச்சம். பக்கத்தில் இருப்பவள் சிரித்துவிடுவாளோ என்ற தயக்கம். இப்படிக் கேட்கப்படாமலே போகும் ஐயங்கள்தாம் நல்ல மாணவிகளைக்கூட இயற்பியலை விட்டு விலகச் செய்கின்றன. இம்மலரில் நாம் நினைவுகூரும் பெரியவரோ, மாணவரின் ஐயங்களைத் தீர்ப்பதற்காகத் தம் உணவு இடைவேளையையே கொடுத்தவர். அவர்தாம் சர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன்.

இன்றைய விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் வத்திராயிருப்பு என்னும் ஊர் உள்ளது. அங்கே 1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் கிருஷ்ணன் பிறந்தார். நம் சேத்தியாத்தோப்பைப் போலவே வயலும் நீரும் சூழ்ந்த ஊர் அது. உள்ளூரிலும் திருவில்லிபுத்தூரிலும் பள்ளிப் படிப்பை முடித்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் பின்னர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். சிறு வயதில் அறிவியலை விளங்கும்படி எடுத்துச் சொன்ன ஆசிரியரை அவர் பிற்காலத்திலும் நன்றியோடு நினைத்திருந்தார்.

படிப்பு முடிந்ததும் கிறித்தவக் கல்லூரியிலேயே வேதியியல் செய்முறைப் பயிற்சியாளராகப் பணியேற்றார். அப்போது மதிய உணவு இடைவேளையில் ஒரு கூட்டம் கூடும். இயற்பியல், கணிதம், வேதியியல் ஆகிய மூன்றிலும் எந்த வினாவையும் அங்கே கேட்கலாம். அவர் கற்பித்த மாணவர்கள் மட்டுமன்றி, நகரின் பிற கல்லூரி மாணவர்களும் தேடி வந்தார்கள். அதற்கெனத் தனி ஊதியம் இல்லை. வருகைப் பதிவேடும் இல்லை. அறிய வேண்டும் என்ற ஆவல் ஒன்றே அங்கு நுழைவுச் சீட்டு.

பிறருக்கு விளக்கியவருக்குத் தாமும் கற்க வேண்டும் என்ற வேட்கை தணியவில்லை. 1920ஆம் ஆண்டு வேலையை விட்டுவிட்டு, சர் சி. வி. இராமனிடம் பயில்வதற்காகக் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார். 1923 முதல் அந்நகரின் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் இராமனோடு ஆய்வில் ஈடுபட்டார். ஒளி திரவங்களில் எவ்வாறு சிதறுகிறது என்பதே அவர் எடுத்துக்கொண்ட பொருள். அறுபத்தைந்து திரவங்களை ஒவ்வொன்றாகத் தூய்மைப்படுத்திச் சோதித்தார். ஒரு துகள் தூசி கலந்தாலும் முடிவு கெட்டுவிடும். அத்தனை பொறுமை வேண்டிய வேலை அது!

1928ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் இராமனும் கிருஷ்ணனும் செய்த சோதனை உலகப் புகழ் பெற்றது. அதன் அமைப்பு நமக்கும் விளங்கக்கூடியதே. சூரிய ஒளியை ஒரு வடிகட்டியின் வழியே செலுத்தினார்கள். நீல ஊதா நிறம் மட்டுமே அதைக் கடந்து திரவத்தினுள் சென்றது. திரவத்திலிருந்து சிதறிவரும் ஒளியை, நீல ஊதாவை முற்றிலும் தடுக்கும் மற்றொரு வடிகட்டியின் வழியே நோக்கினார்கள். உள்ளே போனது நீல ஊதா. கண்முன் நிற்பதோ அதைத் தடுக்கும் வடிகட்டி. அப்படியானால் இருள்தானே தெரிய வேண்டும்? ஆனால் மங்கலாக ஓர் ஒளி தெரிந்தது! திரவத்தினுள் ஒளியின் ஒரு சிறு பகுதி நிறம் மாறி வந்திருந்தது.

நிறம் ஏன் மாறியது? இங்கேதான் குவாண்டம் கொள்கை நமக்குத் துணை வருகிறது. அறுவடைக் காலத்தில் நம் ஊர்க் களத்தில் குவித்திருக்கும் நெல்லைத் தொலைவிலிருந்து பார்த்தால் ஒரே மேடாகத் தெரியும். அருகில் சென்று அள்ளினால் தனித்தனி மணிகள். ஒளியும் அவ்வாறே. தொடர்ந்து பாய்வதுபோல் தோன்றினாலும், அதன் ஆற்றல் சிறுசிறு பொட்டலங்களாகவே வந்து சேருகிறது. இப்பொட்டலத்தையே ஃபோட்டான் என்கிறோம். பிளாங்க் மாறிலியை ஒளியின் அதிர்வெண்ணால் பெருக்கினால் ஒரு ஃபோட்டானின் ஆற்றல் கிடைக்கும். நீல ஒளியின் ஃபோட்டானுக்கு ஆற்றல் மிகுதி. சிவப்பு ஒளிக்குக் குறைவு.

இப்போது பென்சீன் என்னும் திரவத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? பாதரச விளக்கின் நீல ஒளிக்கு அலைநீளம் 435.8 நானோமீட்டர். அதன் ஒரு ஃபோட்டானின் ஆற்றல் 4.56 × 10⁻¹⁹ ஜூல். பென்சீனில் சிதறி வரும் ஒளியில், ஏறத்தாழ 455.5 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒரு புதிய கோடு தென்படுகிறது. அந்த ஃபோட்டானின் ஆற்றல் 4.36 × 10⁻¹⁹ ஜூல். வந்ததிலிருந்து போனதைக் கழித்தால் எஞ்சுவது 0.20 × 10⁻¹⁹ ஜூல். அது எங்கே போயிற்று? பென்சீன் மூலக்கூறு அதை வாங்கிக்கொண்டு அதிரத் தொடங்கிவிட்டது! நம் அன்னையர் வரவு செலவுக் கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தாலும் அது யார் கைக்குப் போயிற்று என்று தேடுவார்கள் அல்லவா? இயற்பியலும் அதே கணக்குத்தான். ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கே உரிய அளவில் ஆற்றலை எடுத்துக்கொள்வதால், குறைந்த தொகையைக் கொண்டு பொருளை இனங்காணவும் முடிகிறது. ஆற்றலை இழக்காமல், அதிரும் மூலக்கூறிடமிருந்து பெற்று வரும் ஃபோட்டான்களும் சில உண்டு.

புதிய ஒளியைப் பற்றிய முதல் குறிப்பு இருவர் பெயரிலும் 1928 மார்ச் 31ஆம் நாள் நேச்சர் இதழில் வெளிவந்தது. 1930ஆம் ஆண்டின் நோபல் பரிசு இராமனுக்கு வழங்கப்பட்டது. கண்டுபிடிப்பும் இராமன் விளைவு என்றே பெயர் பெற்றது. கிருஷ்ணனின் பங்கை இன்று பலர் அறியார். அவரோ அதனால் சோர்ந்து அமர்ந்துவிடவில்லை. 1928 டிசம்பரிலேயே டாக்கா பல்கலைக்கழகத்துக்குச் சென்று புதிய ஆய்வைத் தொடங்கினார். குவாண்டம் புள்ளியியலுக்கு வழிவகுத்த சத்தியேந்திர நாத் போஸ் அங்கே பேராசிரியராக இருந்தார். படிகங்களை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் அவை திரும்பும் விதத்தைக் கொண்டு அவற்றின் உள்ளமைப்பை அறியும் முறையைக் கிருஷ்ணன் வளர்த்தார்.

1933இல் கல்கத்தாவுக்குத் திரும்பினார். 1940இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1942இல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1946இல் சர் பட்டம் பெற்றார். விடுதலைக்குப் பின் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர் என்ற பெருமை அவருக்குக் கிட்டியது. 1954இல் பத்மபூஷண் விருதும், 1958இல் முதன்முறையாக வழங்கப்பட்ட பட்நாகர் பரிசும் அவரைத் தேடி வந்தன. இவ்வளவு உயர்ந்த பின்னும் தமிழை அவர் மறக்கவில்லை. இலக்கியத்தில் தோய்ந்தவராகவும், அறிவியலைத் தமிழில் எழுதியவராகவும் விளங்கினார். 1961ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவர் மறைந்தார்.

கிருஷ்ணன் பெற்ற பட்டங்களை நாம் பெறாமல் போகலாம். ஆனால் அந்த மதிய இடைவேளையை நாமும் நடத்த முடியும். உணவு முடித்தபின் கால் மணி நேரம் மர நிழலில் கூடுவோம். ஒருத்தி ஒரு கணக்கைக் கொண்டு வரட்டும். தெரிந்தவள் விடையை மட்டும் சொல்லாமல் வழியைச் சொல்லட்டும். யார் எதைக் கேட்டாலும் சிரிப்பதில்லை என்பதே அங்கு விதியாக இருக்கட்டும். முதல் கணக்காக, மேலே கண்ட பென்சீன் கணக்கையே எடுத்துக்கொள்வோம். எண்களை நாம் தந்துவிட்டோம். அவை எப்படி வந்தன என்று தாளில் போட்டுப் பார்ப்பது உங்கள் கடமை. பெற்றோரும் வீட்டில் எத்தனை மதிப்பெண் என்று கேட்பதற்கு முன்னால், இன்று வகுப்பில் என்ன கேட்டாய் என்று விசாரிப்பார்களாக. கூச்சத்தை விட்டு எழுப்பும் ஒரு வினா, சேத்தியாத்தோப்பின் மகளையும் ஒருநாள் ஆய்வுக்கூடத்தின் வாயிலில் கொண்டுபோய் நிறுத்தும்.