கிளிண்டன் டேவிசன்

கிளிண்டன் ஜோசப் டேவிசன் (அக்டோபர் 22, 1881 – பெப்ரவரி 1, 1958) ஓர் அமெரிக்க இயற்பியலாளர் ஆவார். எதிர்மின்னிகள் (எலக்ட்ரான்கள்) அலைகளாகவும் இயங்குகின்றன என்பதைச் செய்முறையில் காட்டியமைக்காக, இதே முடிவைத் தனியாகக் கண்டறிந்த ஜார்ஜ் பேஜட் தாம்சனுடன் 1937 ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பணவசதியற்ற இவர், கற்பித்தல் பணி செய்துகொண்டே தமது உயர்கல்வியின் பெரும்பகுதியை முடித்தார்.

இளமையும் கல்வியும்

டேவிசன் இலினொய் மாநிலத்தின் புளூமிங்டன் நகரில் பிறந்தார். தந்தை ஜோசப் ஒரு கைவினைஞர். தாய் மேரி கல்வெர்ட் பள்ளி ஆசிரியை. கணிதத்திலும் இயற்பியலிலும் பெற்றிருந்த தேர்ச்சிக்காக உதவித்தொகை கிடைக்கவே, 1902 இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கு ராபர்ட் மில்லிக்கனின் மாணவரானார். ஓராண்டுக்குப் பின் பணமின்மையால் படிப்பைத் தொடர இயலவில்லை. 1903 ஆகத்தில் ஊர் திரும்பி, ஒரு தொலைபேசி நிறுவனத்தில் வேலை செய்தார்.

1904 சனவரியில் மில்லிக்கனின் பரிந்துரையால் பர்டியூ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் உதவியாளர் பணி கிடைத்தது. அவ்வாண்டு சூனில் சிக்காகோவுக்குத் திரும்பி, 1905 ஆகத்து வரை பயின்றார்.

பிரின்ஸ்டனில் கற்பித்தலும் ஆய்வும்

1905 செப்டம்பரில், மீண்டும் மில்லிக்கனின் பரிந்துரையால், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பகுதி நேர இயற்பியல் பயிற்றுநராக அமர்ந்தார். 1910 வரை இப்பதவியில் இருந்தார். அப்போது அவர் இளங்கலைப் பட்டம்கூடப் பெற்றிருக்கவில்லை. கோடை காலங்களில் சிக்காகோ சென்று பயின்று, 1908 ஆகத்தில்தான் அப்பட்டத்தைப் பெற்றார்.

பிரின்ஸ்டனில் வகுப்புக் கடமைகள் போக எஞ்சிய நேரத்திலேயே அவரால் பயில முடிந்தது. பிரான்சிஸ் மேகி, ஜேம்ஸ் ஜீன்ஸ், ஓவன் ரிச்சர்ட்சன் முதலியோரிடம் பாடம் கேட்டார். 1910 இல் ஓராண்டுக்கான ஆய்வு உதவித்தொகை கிடைத்தது. பயிற்றுநர் பணி இன்றி முழுநேரமும் படிப்பில் ஈடுபட முடிந்த அந்த ஓராண்டிலேயே எஞ்சிய தேவைகளை நிறைவுசெய்து, 1911 இல் முனைவர் பட்டம் பெற்றார். காரமண் உலோக உப்புகளைச் சூடாக்கும்போது நேர்மின் அயனிகள் வெளிப்படுவதைப் பற்றிய இவரது ஆய்வுக்கு ரிச்சர்ட்சன் வழிகாட்டினார். அதே ஆண்டில் ரிச்சர்ட்சனின் தங்கை சார்லட்டை மணந்தார். இவர்களுக்கு மூன்று மகன்களும் ஒரு மகளும் பிறந்தனர்.

பிட்ஸ்பர்க்கிலிருந்து நியூயார்க்குக்கு

1911 முதல் 1917 வரை பிட்ஸ்பர்க்கின் கார்னிகி தொழில்நுட்பக் கழகத்தில் பயிற்றுநராகப் பணியாற்றினார். மிகுதியான கற்பித்தல் சுமையால் இங்கு ஆய்வுக்குச் சிறிதளவே நேரம் கிடைத்தது. முதல் உலகப் போரின்போது படையில் சேர முயன்றும் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. எனவே 1917 சூனில் நியூயார்க்கில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் பொறியியல் பிரிவில் போர்க்கால வேலையில் சேர்ந்தார். இப்பிரிவு பின்னர் பெல் ஆய்வுகூடமானது. போர் முடிந்ததும் கார்னிகியில் உதவிப் பேராசிரியர் பதவி காத்திருந்தது. டேவிசன் அதைத் துறந்து, ஆய்வுகூடத்திலேயே தங்கினார்.

எதிர்மின்னி அலை

நிக்கல் பரப்பில் எதிர்மின்னிகளை மோதவிட்டு, அவை சிதறும் விதத்தை டேவிசனும் லெஸ்டர் ஜெர்மரும் ஆராய்ந்தனர். 1925 பெப்ரவரியில் திரவக் காற்றுக் குடுவை ஒன்று வெடித்ததால் கருவியின் வெற்றிடக் குழாய் உடைந்தது. காற்றுப் பட்டு நிக்கல் ஆக்சைடாகியது. அதைத் தூய்மையாக்க நெடுநேரம் சூடாக்கியபோது, நிக்கலில் இருந்த பல சிறு படிகங்கள் சில பெரிய படிகங்களாக மாறின. அதன்பின் சிதறல் முற்றிலும் வேறுபட்டது.

1926 இல் இங்கிலாந்து சென்றபோது, லூயி டி பிராலியின் அலைக் கொள்கையுடன் தம் சோதனைகளுக்குத் தொடர்பிருக்கலாம் என்பதை அறிந்தார். 1927 இல், 54 வோல்ட்டு மின்னழுத்தத்தால் முடுக்கப்பட்ட எதிர்மின்னிகள் 50 பாகைக் கோணத்தில் மிகுதியாகச் சிதறுவது கண்டறியப்பட்டது. இதிலிருந்து கிடைத்த அலைநீளம் 1.65 ஆங்ஸ்ட்ராம், கொள்கைப்படி கணக்கிட்டது 1.67 ஆங்ஸ்ட்ராம்.

இறுதிக் காலம்

1946 இல் பெல் ஆய்வுகூடத்திலிருந்து ஓய்வு பெற்றபின், மீண்டும் கற்பித்தலுக்குத் திரும்பி, 1954 வரை வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் வருகைப் பேராசிரியராக இருந்தார். 1958 இல் சார்லட்ஸ்வில் நகரில் காலமானார். நிலவின் கிண்ணக்குழி ஒன்று இவர் பெயரைத் தாங்கியுள்ளது.