பினாங்கின் பழைய பள்ளிகளுக்குப் பின்னால் இருந்த ஆயர்: யார் இந்த பூஷோ?

பாயான் பாருவில் பஸ் ஏறி ஜார்ஜ்டவுன் போறீங்களா? ஃபார்குவார் சாலையில் இறங்கிப் பாருங்க. அசம்ப்ஷன் தேவாலயம், செயின்ட் சேவியர்ஸ் பள்ளி, லைட் சாலை கான்வென்ட், மூன்றும் பக்கத்துப் பக்கத்துலதான் இருக்கு. இந்த மூன்றின் கதையிலும் வரும் ஒரு பெயர், ஆயர் ஷான் பாப்திஸ்ட் பூஷோ.

யார் இவர்?

1797-ல் பிரான்சின் பிரனீஸ் மலைப் பகுதியில் பிறந்தவர். 1820களில் இளம் பாதிரியாராகப் பினாங்கு வந்தார். 1845-ல் ஆயரானார். 1871-ல் இங்கேயே காலமானார். அதாவது, வாழ்க்கையின் பெரும்பகுதி நம்ம ஊர்லதான்.

மலாய் தீபகற்பத்துக்கும் சிங்கப்பூருக்கும் அப்போது தனி மறைமாவட்டம் கிடையாது. ரோமின் பிரதிநிதியாக பூஷோ நிர்வகித்தார். ஆட்சி பிரிட்டிஷாருடையது, பாதிரியார்களில் பெரும்பாலோர் பிரெஞ்சுக்காரர்கள், மக்களோ யூரேசியர், சீனர், தமிழர். தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக பினாங்கு சாலையில் செயின்ட் பிரான்சிஸ் சேவியர் ஆலயம் 1850களில் உருவானதும் இவர் காலத்தில்தான்.

1852-ல் என்ன நடந்தது?

பையன்களுக்காவது 1816 முதல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் இருந்தது. பெண் பிள்ளைகளுக்கும் ஆதரவற்ற குழந்தைகளுக்கும் வழி ரொம்பக் குறைவு. அதனால் பிரான்சிலிருந்து கன்னியர்களும் லசால் சகோதரர்களும் வரவழைக்கப்பட்டார்கள்.

பயணம் சுலபமா இல்லை. கன்னியர்களின் முதல் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் கடற்பயணத்திலேயே இறந்துபோனார். அதே ஆண்டு அன்னை மத்தில்து ரக்லோ வந்து பொறுப்பேற்றார். 1859-ல் கான்வென்ட், லைட் சாலையில் இருந்த பழைய அரசு மாளிகை வளாகத்துக்கு மாறியது. பூஷோ காலத்துப் பாதிரியார்கள் நடத்திவந்த பையன்கள் பள்ளியை லசால் சகோதரர்கள் ஏற்றார்கள். அதுதான் இன்றைய செயின்ட் சேவியர்ஸ்.

எல்லாருக்கும் கதவு திறந்ததா?

இல்லை. கல்வியோடு மதம் பரப்புவதும் இந்தப் பள்ளிகளின் நோக்கம்தான். நகரத்தில் ஆங்கிலம் படித்தவர்களுக்கு அலுவலக வேலை கிடைத்தது. ஆனால் நீரிணைக்கு அந்தப் பக்கம், செபராங் பிறை கரும்புத் தோட்டங்களில் உழைத்த தமிழர்களின் பிள்ளைகளுக்கு இந்த வகுப்பறைகள் எட்டாத தூரம்.

ஒரு ஆயரின் முயற்சியால் பல தலைமுறைப் பெண்கள் படித்தார்கள் என்பது உண்மை. அதே காலத்தில் நம்ம தாத்தா பாட்டிகளின் முன்னோர் பலர் பள்ளியையே பார்க்கவில்லை என்பதும் உண்மை. அடுத்த தடவை ஃபார்குவார் சாலை வழியா போகும்போது, இரண்டையும் சேர்த்தே நினைச்சுப் பாருங்க.